இன்னா ஒடஞ்சுது?

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினாய் என்று முதல் சண்டை என்னோடுதான் வரும். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுக்கும் அவர் ஆன்ட்டி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆன்ட்டியின் கைப்பையில் ஒரு ஜெபமாலையும் ஒரு முழு சாக்பீஸும் எப்போதும் இருக்கும். ஜெபமாலை வெளியே வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சாக்பீஸ் அடிக்கடி வரும். அவர் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். கப்பலில் வந்த பெட்டியைத் திறக்கும்போது கூடவே நின்று, உள்ளே இருப்பதை எண்ணி, எது கிழிந்திருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அடிபட்ட இடத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். எல்லாம் சரியாக இருந்தால் கதவில் ஒரு டிக். வட்டம் இருந்தால்தான் நஷ்டம் கேட்கலாம். வட்டம் இல்லாத இடத்துக்கு யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. அது யார்டின் சட்டம். ஆன்ட்டி அதையே ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் எதற்கெடுத்தாலும் ஒரே கேள்விதான். "இன்னா ஒடஞ்சுது?"

காசிமேட்டில் மீன்காரம்மா ஒருநாள் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி வஞ்சிரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னதுதான் குற்றம்.

"தொட்டுட்டு வோணாம்னா இன்னா அர்த்தம்? எட்த்துக்கினு போ."

"தொட்டேன். இன்னா ஒடஞ்சுது உன் மீனுக்கு? காட்டு, துட்டு குட்த்துட்டுப் போறேன்."

மீன்காரம்மா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததுதான் அவள் செய்த தப்பு. பார்த்துவிட்டால் ஏதாவது காட்டியாக வேண்டும். காட்ட ஒன்றும் இல்லை. ஆன்ட்டி அவளிடமே நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தார்.

மகளிர் குழுவில் கூட்டத்துக்கு லேட்டாக வந்தால் பத்து ரூபாய் அபராதம். யார்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஆன்ட்டி எந்த வாரம்தான் லேட்டாக வரவில்லை? "நான் வராததால எந்த வேல நின்னுச்சு, சொல்லு" என்று தலைவியைக் கேட்டார். தலைவி அழுதுவிட்டாள். பத்து ரூபாய்க்காக ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் அழவைக்க வேண்டுமா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆன்ட்டியைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது லேசான காரியம் இல்லை. புருஷன் பிரிந்துபோனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று அம்மா சொல்வாள். எனக்குத் தெரியாது.

ஆனால் அதே கேள்வியை அவர் வேறு மாதிரியும் கேட்பார். கல்லூரியில் அக்கவுன்டன்சி தாளில் நான் பெயிலானபோது ரெண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தேன். என் வாழ்க்கையே போச்சு என்று புலம்பினேன். ஆன்ட்டி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா ஒடஞ்சுது?"

"எல்லாமே போச்சு ஆன்ட்டி."

"எல்லாம்லாம் எய்த முடியாது. எத்தினி பேப்பரு?"

"ஒண்ணு."

"அப்ப அதுக்கு மட்டும் வட்டம் போடு. மீதி பெட்டி நல்லாதான் கீது. எய்ந்து சாப்புடு."

எழுந்து சாப்பிட்டேன். அந்தப் பேச்சுக்கு நான் இன்னும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றுதான் நினைப்பு. அவரிடம் சொன்னால், எதற்குக் கடன், எனக்கு என்ன உடைந்தது என்று கேட்பார்.

அவர் எங்கள் காம்பவுண்டுக்குக் குடிவந்த நாளைச் சொல்ல வேண்டும். சாமான் இறக்குவதற்கு முன்னால், காலி வீட்டுக்குள் சாக்பீஸோடு போனார். சுவரில் விரிசல் இருந்த இடத்திலெல்லாம் வட்டம். கதவில் கீறல், வட்டம். ஜன்னல் கொக்கி இல்லை, வட்டம். ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதி, ஹவுஸ் ஓனரைக் கூப்பிட்டு, பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்போது ஓனர் பெரியவர். அந்த எட்டு வீட்டையும் பக்கத்தில் நின்று கட்டினவர். எங்கள் காம்பவுண்டே வாசலில் நின்று சிரித்தது. "இந்தம்மா வூட்ட வாங்கிக்கினு ஏத்துமதி பண்ணப் போவுதா?" என்று யாரோ கேட்டார்கள். பெரியவரும் சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவர் மூன்று வருஷம்தான் இருந்தார்.

அவருக்குப் பிறகு மகன் வந்தார். வண்ணாரப்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாடகைக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் தன் வீட்டைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். கேட்டில் கேமரா மாட்டினார். வாட்ஸ்அப்பில் எட்டு வீட்டுக்கும் ஒரு குரூப் ஆரம்பித்தார். மோட்டார் ரூம் சுவரில் லேமினேஷன் போட்ட தாள் ஒன்றை ஒட்டினார். தலைப்பு, 'விதிமீறல் அபராதம்'. சுவரில் ஆணி அடித்தால் இவ்வளவு. கருவாடு வறுத்து அடுத்த வீட்டில் புகார் வந்தால் இவ்வளவு. மூன்று நாளுக்கு மேல் வெளியாள் தங்கினால் ஒரு தலைக்கு நாளுக்கு நூறு ரூபாய். கட்டாவிட்டால் அட்வான்ஸில் கழிக்கப்படும்.

அந்தக் கடைசி வரிதான் எல்லாரையும் வாயடைத்தது. அட்வான்ஸ் என்பது எங்களைப் போன்றவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சேர்த்து வைக்கிற பணம். அது அவர் கையில் இருந்தது. கருவாடு வறுக்காமல் ராயபுரத்தில் ஒரு குடும்பமா? எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். கட்டினவர்கள் பெயரை ஓனர் குரூப்பில் நன்றி சொல்லிப் போடுவார். கட்டாதவர்களுக்கு அதுவே சாட்டை.

ஆன்ட்டி ஒருத்தர்தான் கட்டவில்லை. கட்ட வேண்டிய இடத்தில் கட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் அவர் கை தவறி அம்மிக் குழவி சமையல் மேடையில் விழுந்து கடப்பாக் கல்லின் மூலை உடைந்தது. ஓனருக்குத் தெரிய வழியே இல்லை. ஆன்ட்டி உடைந்த மூலைக்குத் தானே வட்டம் போட்டு, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினார். கொத்தனாரைக் கூட்டிவந்து தன் செலவில் புதுக் கல் போட்டார். பார்க்க வந்த ஓனர், "கல்லு சரி. மேடையை உடைச்சதுக்கு அபராதம் தனி" என்றார்.

"கல்லு ஒடஞ்சுது, கல்லு வந்துச்சு. இன்னும் இன்னா ஒடஞ்சுது நைனா?"

"ரூல்னு ஒண்ணு இருக்கும்மா."

"அது உன் மோட்டார் ரூம் செவுத்துல கீது. நான் கையெய்த்து போட்ட அக்ரிமென்ட்ல இல்ல."

யார்டுக்கு நஷ்ட வழக்குகள் பார்க்க வருகிற வக்கீல் ஒருவரிடம் டீக்கடையில் வைத்து அவர் கேட்டிருந்தார். அக்ரிமென்டிலேயே எழுதியிருந்தாலும் பயமுறுத்தப் போட்ட தொகையை அப்படியே வாங்கிவிட முடியாது, விதி மீறியதால் வந்த நஷ்டத்துக்கு நியாயமாக எவ்வளவோ அவ்வளவுதான் கோர்ட்டில் நிற்கும் என்று அவர் சொன்னாராம். அக்ரிமென்டுக்குப் பிறகு சுவரில் ஒட்டிய தாளுக்கு அந்த மதிப்புகூட இல்லையாம். "ஆனா ஒண்ணும்மா," என்றாராம் வக்கீல், "கெடு முடிஞ்சா மறுபடி எழுதித் தரமாட்டேன்னு ஓனர் சொல்லலாம். அங்க உங்க கேள்வி எடுபடாது." இதையும் ஆன்ட்டி மறைக்காமல் எங்களிடம் சொன்னார். எங்களுக்கு முதல் பாதி காதில் ஏறவில்லை. இரண்டாவது பாதி மட்டும் ஏறியது. தொடர்ந்து கட்டினோம்.

இந்த நேரத்தில்தான் நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். ஏழாம் மாதம் மாதவரத்தில் மாமியார் வீட்டில் வளையல் போட்டு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகும்வரை எனக்கும் குழந்தைக்கும் அம்மாவை விட்டால் ஆள் இல்லை. அம்மா ஹார்பர் கேட் பக்கம் காலையில் இட்லிக் கடை போடுகிறவள்.

வந்த நாலாவது நாள் குரூப்பில் செய்தி வந்தது. வீடு எண் ஐந்து, கூடுதல் நபர் ஒருவர். கேமராவில் பார்த்திருக்கிறார். பெற்ற மகள் வெளியாளா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரும்புக் கடைக்கே போகக் கிளம்பினேன். அம்மா கதவை மறித்து நின்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சண்டை கூடாது, யாருடைய சாபமும் வேண்டாம் என்று சொன்னாள். முதல் மாத அபராதத்தைச் சத்தமில்லாமல் கட்டிவிட்டாள். இட்லிக் குண்டானைக் கழுவும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

ஓனர் குரூப்பில் நன்றி போட்டதும் ஆன்ட்டி எங்கள் வாசலுக்கு வந்தார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

"இன்னாக்கா இப்டி பண்ட்ட? நல்ல பெட்டிய அடிபட்ட பெட்டின்னு நீயே கையெய்த்து போட்டு குட்த்துட்டியே. இனி மாசாமாசம் கேப்பான்."

"பொண்ணு நல்லபடியா பெத்து எய்ந்தா போதும் எனுக்கு," என்றாள் அம்மா. ஆன்ட்டி திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காலை ஓனர் குரூப்பில் வாழ்த்துகள் என்று போட்டார், பூங்கொத்துப் படத்தோடு. சாயங்காலம் இன்னொரு செய்தி. வீடு எண் ஐந்து, நாலாம் நாள் முதல் கூடுதல் நபர்கள் இருவர்.

ரெண்டு கிலோ எழுநூறு கிராம் எடை. அதற்கு நாளுக்கு நூறு ரூபாய். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "மாதவரத்துக்கே போய்டறியா கண்ணு, நான் காலைல கட முட்ச்சிட்டு பஸ் புட்ச்சி வந்து குளிப்பாட்டிட்டு வந்துடறேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தையல் பிரியாத உடம்போடு நானும் அழுதேன். அழுதுமுடித்து ஆன்ட்டிக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெயம வர்றான் இல்ல, வரட்டும்," என்றார். "நீ மட்டும் கத்தாத. கத்துனா அதுக்கும் ஒரு ரேட் எய்தி ஒட்டுவான்."

ஞாயிறு காலை ஓனர் வந்தார். குழந்தைக்குப் பதினோராம் நாள். நடு அறையில், கூரைக் கொக்கியில் அம்மாவின் பழைய புடவையைக் கட்டித் தூளி போட்டிருந்தோம். அதில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்றார் ஓனர் என் அம்மாவிடம். "பெரியவங்க சின்னவங்கன்னு பார்க்க முடியாது. தண்ணி செலவாகுது, மோட்டார் ஓடுது."

"மோட்டார் கரண்ட்ட எட்டு வூடும் பங்கு போட்டுத் தர்றோம்," என்றார் ஆன்ட்டி. "உனுக்கு ஒரு ரூபா ஏறிச்சா?"

"உங்களைக் கேக்கலை."

"நான் கேக்கறேன். இந்தக் கொயந்த பொறந்து பதினோரு நாளாச்சு. உன் வூட்ல இன்னா ஒடஞ்சுது?" கைப்பையைத் திறந்து சாக்பீஸை எடுத்து நீட்டினார். "இந்தா நைனா. எங்க ஒடஞ்சுதோ அங்க வட்டம் போடு. நீ போட்ற ஒவ்வொரு வட்டத்துக்கும் நான் குட்த்துடறேன்."

ஓனர் வாங்கியிருக்கக் கூடாது. மீன்காரம்மா மீனைத் திருப்பிப் பார்த்த மாதிரிதான் இவரும். வாங்கிவிட்டார். சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். கடைசியில் அண்ணாந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தூளி தொங்குகிற கொக்கியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"ஆணிக்கே அபராதம் இருக்கு. இது கான்கிரீட்டை ஓட்டை போட்டு கொக்கி மாட்டியிருக்கீங்க. யாரைக் கேட்டு?"

அந்தக் கொக்கி எப்போதிலிருந்து இருக்கிறது? நாங்கள் குடிவந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா எதையாவது மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருப்பார், அவரும் போய்விட்டார். அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் ஞாபகமில்லை என்று முகமே சொன்னது. ஆன்ட்டியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். எழுந்து தன் வீட்டுக்குப் போனார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

பழைய தாளோடு திரும்பிவந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, விரலை வைத்துப் படித்தார். "நடு ரூம் கூரையில கொக்கி ஒண்ணு. துரு. வூட்டோட வந்தது. கீய கையெய்த்து யார்துன்னு பாரு."

ஓனர் பார்த்தார். அவருடைய அப்பாவின் கையெழுத்து. "இது உங்க வீட்டுத் தாளு," என்றார். "இந்த வீட்டுக்கு எப்படிச் செல்லும்?"

"வா. எட்டு வூட்டையும் பாத்துடலாம்."

போனார்கள். காம்பவுண்டே பின்னால் போனது. பச்சை உடம்புக்காரி நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். முதல் வீட்டில் கொக்கியில் வெங்காயக் கூடை தொங்கியது. இரண்டாம் வீட்டில் அதே கொக்கியில் ஃபேன். ஆறாம் வீட்டில் சும்மா இருந்தது. எட்டாம் வீட்டில் கிளிக்கூண்டு. எட்டு வீட்டிலும் ஒரே இடம், ஒரே அளவு, ஒரே துரு.

திரும்பி எங்கள் வாசலுக்கு வந்ததும் ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா வூடு கட்டசொல்லவே கொயந்த வரும்னு தெரிஞ்சுதான் கொக்கி போட்டுக் கட்டிகீறாரு நைனா. நீ அதுக்குப் போயி தலைக்கு நூறு ரூபா கேக்குற."

யாரும் சிரிக்கவில்லை. ஓனர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "உங்க அக்ரிமென்ட் இன்னும் நாலு மாசத்துல முடியுது. மறுபடி எழுத மாட்டேன்" என்றார்.

"அது உன் வூடு. உன் இஸ்டம். அத்த கேக்க எனுக்கு ரைட்டு இல்ல," என்றார் ஆன்ட்டி. "சாக்பீஸ குட்த்துட்டுப் போ."

அந்த மாதம் எட்டு வீட்டில் ஒரு வீடுகூட அபராதம் கட்டவில்லை. முதல் வீட்டுக்காரர் குரூப்பில், 'என்ன உடைந்தது என்று வட்டம் போட்டு போட்டோ அனுப்பவும்' என்று எழுதினார். அடுத்த மாதம் மோட்டார் ரூம் சுவரில் தாள் இல்லை. சொன்னபடியே ஆன்ட்டிக்கு மட்டும் அவர் எழுதித் தரவில்லை. காத்திவாக்கத்துப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனார். யார்டுக்கு அங்கேயிருந்து கிட்டத்தான், நல்லதாப் போச்சு என்று சொன்னார். எங்களுக்காக நின்றவர் போனார், அவர் நின்றதால் நாங்கள் இருந்தோம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அட்வான்ஸ் அவருக்கு ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. பழைய தாளில் இருந்த வட்டங்களைத் தவிர அந்த வீட்டில் புது வட்டம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவர் போவதற்கு முன்னால் நான்தான் முதலில் கிளம்பினேன். மூன்று மாதம் முடிந்து, மாதவரம் போக ஆட்டோ வந்து நின்றது. ஓனரும் ஏதோ வேலையாகக் கேட் பக்கம் நின்றிருந்தார். ஆன்ட்டி யார்டுக்குக் கிளம்பிய சேலையோடு வந்து, ஆட்டோ சீட்டில் தாளை வைத்து எழுதி அவரிடம் நீட்டினார்.

"இன்னொரு கையெழுத்தா?" என்றார் ஓனர். "போட்டா விட்டுடுவீங்களா?"

"வுட்டுடறேன்."

அவர் இரண்டு தரம் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வீடு எண் ஐந்து. வந்தது ஒருத்தி. போவது இரண்டு பேர். சேதம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஓனர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தாளை ஆன்ட்டி என் பையில் செருகினார். அது இன்னும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக இருக்கிறது.

அம்மா குழந்தையை என் மடியில் வைத்தாள். ஆட்டோ கிளம்பும் நேரம் ஆன்ட்டி பின்பக்கமாகப் போய், சாக்பீஸை எடுத்து, வண்டியின் பின்னால் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாமா, நேத்துதான் பெயின்ட் அட்ச்ச வண்டி. கிறுக்கினுகீற?"

"இன்னா ஒடஞ்சுது?" என்றார் ஆன்ட்டி.